எலிக்கு வீடு கட்டிய எலியர்

அக்கராயன் ஊரில் எலியின் மனதை முழுதாக அறிந்த ஒரே மனிதர் எலியர்தான். மனிசரின் மனம் அவருக்குச் சுத்தமாக விளங்காது.

வேலை, வயலில் எலி பிடிப்பது. கருவி, அவருடைய வயிறு. உச்சி வெயிலில் சேர்ட்டைக் கழற்றிவிட்டு வரம்பில் குப்புறப் படுப்பார். வயிறு பொறுக்கிற சூடென்றால் உள்ளே எலி இருக்கும், பொறுக்காவிட்டால் இராது. தூரத்தில் பார்ப்பவர்கள் பிரேதமென்று ஓடிவருவார்கள். நானே ஒருமுறை முகத்தில் தண்ணீர் ஊற்றி ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

அந்த ஆடியில் வெயில் அளவு மீறியது. வரம்பெல்லாம் அப்பளம்போல வெடித்தது. எலிகள் கூட்டமாக என் வீட்டுக்கு வந்துவிட்டன. மாரி மழையோடு விதைக்கிற காலபோகத்துக்கு வைத்திருந்த விதைநெல் முழுவதும் அங்கேதான் இருந்தது. அது போனால் அந்தமுறை என் வயலில் புல்லுத்தான்.

எலியரைக் கூப்பிட்டேன். வந்தவர், நாங்கள் சமைக்கிற குசினி நிலத்தில் குப்புறப் படுத்தார்.

"நல்ல குளிர் தம்பி. நான் எலியெண்டாலும் இஞ்சைதான் வருவன்."

"பொறி வையுங்கோ அண்ணை."

"எத்தினையைப் பிடிப்பாய்? வரம்பு ஆறுமட்டும் வந்துகொண்டுதான் இருக்கும். இதைவிடக் குளிரான வீடு ஒண்டு குடுத்தால் தானாய்ப் போகும்."

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த எனக்கு இது பெரிய விஞ்ஞானமாகத் தெரிந்தது. வாய்க்கால் கரையில், மருதமர நிழலில், இருவருமாக மண் குவித்து, வைக்கோல் பரப்பி, தண்ணீர் தெளித்து, மேலே தென்னோலைக் கிடுகும் போட்டோம். என் மனைவி வந்து பார்த்தாள்.

"குசினிக் கூரை ஒழுகுதெண்டு சொல்லிச் சொல்லி என்ரை வாய் கிழியுது. எலிக்குப் புதுக் கிடுகோ?"

"அதுகளுக்குக் கேக்கத் தெரியாது தங்கச்சி," என்றார் எலியர்.

"கேக்கத் தெரிஞ்ச எனக்கு என்ன கிடைச்சது?"

எலிகள் உண்மையாகவே குடிபெயர்ந்தன. எலியர் நெஞ்சை நிமிர்த்தி ஊரைச் சுற்றினார். ஆனால் ஆவணியில், ஒருவரும் கேட்காத மழை கொட்டியது. வாய்க்கால் உடைப்பெடுத்து, எலி மாளிகை மிதந்தது. எலிகள் பிள்ளைகுட்டியோடு, மேட்டில் இருந்த என் வீட்டுக்கே திரும்பி வந்தன. அவற்றுக்குப் பின்னால், இடுப்பளவு தண்ணீரில், எலியரும் வந்தார். அவருடைய வீட்டுக்குள்ளும் வெள்ளம்.

"பாய், பெட்டி ஒண்டும் எடுக்கேல்லையோ அண்ணை?"

"உன்ரை விதைநெல்லைத்தான் நினைச்சன்," என்றவர், மூட்டைகளின் மேல் ஏறிக் குப்புறப் படுத்தார்.

மழை விடும்வரை இறங்கவேயில்லை. சோற்றையும் அங்கேயே கொடுத்தோம். எலிகள் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அரித்தன. கால் பெருவிரலையும் ருசி பார்த்தன. நெல்லில் ஒரு மணிகூடப் போகவில்லை.

வெள்ளம் வடிந்ததும் கந்தல் சாரத்தோடு வெளிக்கிட்டார்.

"ஈரத்துக்குள்ளை எங்கை போறியள்? வீடு காயட்டும், இருங்கோ," என்றாள் மனைவி.

அந்த விதை முளைத்து, கதிராகி, வெட்டியும் முடித்துவிட்டோம். எலியரின் வீடு எப்போதோ காய்ந்துவிட்டது. அதை அவருக்கு இன்னும் நாங்கள் சொல்லவில்லை.