கவிக்கு ஊசி, வீட்டுக்கே சர்க்கரை

லக்ஷ்மிபாய் நகர், புதுதில்லி
12-2-2008

பாளையங்கோட்டையில் சகல சௌபாக்கியங்களுடன் விளங்கும் சம்பந்தியம்மாள் தாயம்மாள் அவர்களுக்கு, மாணிக்கவாசகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை.

போன தடவை குழந்தை ஏழாம் மாதமே பிறந்து நம்மிடம் தங்காமல் போனதைத் தாங்கள் அறிவீர்கள். அதனால் இந்தத் தடவை, பிரசவம் முந்திவிடாமல் இருக்க நம் கவிப்ரியாவுக்கு வாரம் ஒரு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். தங்கள் மகன், மாப்பிள்ளை சிவகுமார் எல்லையில் காவல். வீட்டில் அடியேன் காவல். இப்படியிருக்க, ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. இந்த ஊசி போட்டுக்கொள்கிறவர்களில் சிலருக்கு அப்படி ஆகலாமாம். உறுதிசெய்துகொள்ள லேபுக்குப் போனால், அங்கே ஒருவன் தம்ளர் நிறையக் குளுக்கோஸைக் கரைத்து அவளிடமே நீட்டுகிறான்! சர்க்கரை ஏறிய பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணியா? பிடுங்கி, மறுபடி கொடுத்துவிடப் போகிறானே என்று நானே மடமடவென்று குடித்துவிட்டேன். "அங்கிள்ஜி, டெஸ்டே அதுதான்!" என்று அவன் ஹிந்தியில் அலறினான். பட்டினியாக வந்த பெண் மறுநாளும் பட்டினியாகப் போகவேண்டியதாயிற்று. முடிவு என்னவோ மாறவில்லை.

அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கவிக்கென்று தினமும் நெய் லட்டு கொண்டுவருவாள். 'ஷுகர்' என்றால் இங்கிலீஷ், அவளுக்குப் புரியாது என்று சுத்த ஹிந்தியில், "ஹமாரே கர் மே சீனி ஜ்யாதா ஹோ கயா", அதாவது நம் வீட்டில் சீனி கூடிவிட்டது என்றேன். "அச்சா ஜி!" என்று போனவள், மிஞ்சிய சீனியை வாங்கிக்கொள்ளக் காலி டப்பாவோடு வந்து நின்றாள்.

அந்த ஆத்திரத்தில் டாக்டரம்மாவிடம் போய், ஊசியை நிறுத்துங்கள் என்றேன். அவர் கோபிக்கவில்லை. சர்க்கரையைச் சாப்பாட்டிலும் நடையிலும் அடக்கலாம், அடங்காவிட்டால் மருந்து இருக்கிறது, குழந்தை முந்திவிட்டால்தான் கஷ்டம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கவி சொன்னாள்: "அப்பா, பஸ் கரோ, போதும். இனிப்ப நான் விட்டுருதேன். பாப்பா உள்ளயே இருக்கட்டும்." நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். தில்லிக் குளிர் அப்படி.

ஆகவே வளைகாப்புக்கு அல்வா அனுப்ப வேண்டாம். என் மனைவி பாப்பம்மாள் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் குவிக்கிறாள். மாலையில் நான் நடக்கக் கூட்டிப்போகிறேன். தாங்கள் இந்தக் குளிரில் ரயிலேறிச் சிரமப்படவும் வேண்டாம். ஊசி போடும்போதுகூட, பிள்ளைக்குத் தைரியமாக நானே பக்கத்தில் நிற்கிறேன்.

நெல்லையப்பர் கிருபையால் பேரப்பிள்ளை தனக்குரிய தேதியில் நிதானமாக வந்து சேரட்டும். சம்பந்தி ஐயாவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
மாணிக்கவாசகம்

பி.கு.: மதினி, நான் பாப்பம்மா. கடுதாசிய ஒட்டித் தபால்ல போடச் சொல்லித் தந்தாக, படிச்சிட்டேன். ஊசியக் கண்டதும் வாராவாரம் மயங்கி விழுதது இவுகதான். கவிதான் இவுக கையப் பிடிச்சிக்கிட்டு ஊசி போட்டுக்கிடுதா. அவளுக்குச் சர்க்கரை இப்போ அடங்கிட்டு. நீங்க அடுத்த ரயிலுக்கே வந்துருங்க. பிள்ளத்தாச்சிய நான் பாத்துக்கிடுவேன். இவுகளத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும்.