வெந்த நண்டு

அந்தமானில் துருப்பிடிக்காத ஒரே வஸ்து ரெட்லெட் அண்ணன்தான். உப்புக்காற்றில் எங்கள் சைக்கிள், பூட்டு, மேலதிகாரியின் மூளை எல்லாம் துருவேறிக்கொண்டிருந்த அறுபதுகளில் அவர் மட்டும் பளபளவென்று இருந்தார். ஹேடோவில் எங்கள் படகுப் பட்டறையின் பெயிண்டர். துருப்பிடிக்காமலிருக்க இரும்புக்கு முதலில் அடிக்கும் சிவப்புப் பூச்சுக்கு ரெட்லெட் என்று பெயர். அது அவர் மீசையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டதால் சொந்தப் பெயர் சர்வீஸ் புத்தகத்தோடு சரி.

எதைப் பார்த்தாலும் அவருக்குத் துருதான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உள்ள துரு புடிச்சிருக்கு சார், சுரண்டணும்" என்றார். மலேரியா.

எங்கள் ஃபுட்பால் டீமுக்கு நான் செக்ரட்டரி. கிளப் சுவரில் டீமுக்கு ஒரு சின்னம் வேண்டும், புலி போடுங்கள் என்றேன்.

"இந்த ஊர்ல புலி ஏது சார்? நண்டுதான் உள்ளூர்க்காரன்."

மூன்றாம் நாள் கதவு அகலத்துக்கு ஒரு நண்டு சுவரில் நின்றது. கப்பல் வராததால் ஸ்டோரில் வேறு நிறம் இல்லை. முழுக்க ரெட்லெட்.

முதலில் வந்தவன் கோல்கீப்பர், வங்காளி. "அரே தாதா! கேக்டா பக் கயா! நண்டு வெந்துபோச்சு! உப்பு மட்டும்தான் பாக்கி!" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன் சொன்னது நியாயம். உயிருள்ள நண்டு ஏது இந்தச் சிவப்பில்? ஆட்டத்துக்கு முன்பே டீமை வேகவைத்துவிட்டார் அண்ணன்.

அடுத்து ஹெட்கிளார்க். பிரமோஷன் வந்து, தொப்பையும் வந்திருந்த சமயம். "நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு யாரைச் சொல்றான் அவன்?" என்று என்னிடம் பாய்ந்தார். சுவரில் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. சைவர் ஒருவர் அந்தப் பக்கம் பார்க்காமல் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார்.

லாங் ஐலண்ட் டீமிடம் ஐந்து கோலில் தோற்றோம். வழக்கம்தான். ஆனால் அதுவரை காரணமில்லாமல் தோற்றோம், இப்போது காரணம் கிடைத்துவிட்டது. பக்கவாட்டில் நடக்கிற பிராணியை வைத்தால் பந்து நேராகவா போகும்? கமிட்டி கூடியது. நண்டை அழிக்கும்படி உத்தரவு எழுதியவன் நான்தான்.

அண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

"இருவது வருஷமா படகுக்கு நம்பர்தான் சார் எழுதுறேன். நம்பருக்குக் கண்ணு வைக்க முடியுமா? இதுக்குத்தான் வெச்சிருக்கேன். குளிச்சிட்டு வந்து வெச்சேன்."

காகிதத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். ஆனாலும் செக்ரட்டரி இல்லையா? "உத்தரவு உத்தரவுதான்" என்றேன்.

"சரி, நீலம் குடுங்க, அழிக்கிறேன். செவப்பு மேல செவப்பு அடிச்சா நண்டு கொழுக்குமே தவிர அழியாது."

மேன்லேண்டுக்கு நீலம் கேட்டு எழுதினோம். கப்பலில் வெங்காயம் வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. நீலம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் முதல் ஆளாக நின்று, "வரலியே சார்" என்பார் அண்ணன், முகமெல்லாம் துக்கமாக. மீசை மட்டும் சிரிக்கும்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. அதற்குள் கோல்கீப்பர் மைதானத்தில் இறங்குமுன் நண்டைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்திருந்தான். தோல்வியில் மாற்றமில்லை.

அண்ணன் ரிடையராகி ஊருக்குக் கிளம்பிய நாளில், ஹெட்கிளார்க் உட்பட டீமே ஜெட்டிக்கு வந்திருந்தது. ஏறப்போனவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், இந்தக் கப்பல்லதான் நீலம் வந்து இறங்கியிருக்கு. ரெண்டு டின். நானே பாத்துட்டேன்." பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "கண்ணை மட்டும் கடைசில அடிக்கச் சொல்லுங்க."

சர்க்கார் சொத்தை அபகரித்த குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்த ஞாயிறு டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் என் குவார்ட்டர்ஸ் ஜன்னல், கதவு, கோழிக்கூண்டு எல்லாவற்றுக்கும் நீலம் அடித்தேன். "பைத்தியமா உங்களுக்கு? கோழிக்கு எதுக்கு நீலம்?" என்றாள் மனைவி.

டின்னில் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் யாராவது அந்தக் கண்ணைத் தொட்டுவிடுவார்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கூண்டுக்கு இரண்டாவது கோட் அடித்தேன்.