பட்டினியில் விளைந்த இரும்பு

சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள் பத்து நாட்கள் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்தார்கள். பெரிய மனிதர்களிடையே அப்போது அதுதான் நாகரிகம். பதினோராம் நாள் அன்னாரின் ரத்தத்தைப் பரிசோதிக்கும் பாக்கியம் ஆஸ்பத்திரி லேப் அக்காவுக்குக் கிடைத்தது. உடம்பின் இரும்புச் சேமிப்பு இரண்டு மடங்காகியிருந்தது.

“பார்த்தீங்களா, சாப்பிடாமலே உடம்பு இரும்பை உற்பத்தி பண்ணுது.”

“உற்பத்தி இல்ல சார். சாப்பாடு வரலைன்னதும் உடம்பு பயந்துபோய், இருக்கிறதை ஈரல்ல பூட்டி வச்சுக்குது. ரத்தத்துல ஓடுற இரும்பு குறைஞ்சுதான் போயிருக்கு.”

“அதுக்குப் படிவத்துல கட்டம் இருக்கா?”

இல்லை. சேமிப்புக்கு மட்டும்தான் இருந்தது. புதுக் கட்டம் போடக் குழு கூட வேண்டும். குழுவினர் ஐவரும் விரதக் களைப்பில் படுத்திருந்தார்கள்.

மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது: ‘உணவின்றியே இரும்பு பெருகுவது ஐயமற நிரூபணமாகிவிட்டபடியால், கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை வழங்குவது நிறுத்தப்படுகிறது. அவர்கள் விரதம் இருந்து பயனடையலாம்.’

லேப் அக்கா சுற்றறிக்கையோடு மருந்துக் கிடங்குக்கு ஓடினாள். அவள் தங்கச்சிக்கு இது ஐந்தாம் மாதம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது. மாத்திரையோ ஆஸ்பத்திரி கிடங்கைத் தவிர வேறெங்கும் கிடையாது.

கிடங்குக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்தார். “விரதம் இருந்து தோத்தவங்களுக்குக் கொடுக்கலாம்னு ஒரு பிரிவு இருக்கும்மா. தோல்விச் சான்றிதழ் வேணும்.”

“யாரு கையெழுத்துப் போடணும்?”

“நீங்கதான்.”

அன்றே தங்கச்சி தோற்றாள். விஷயம் காதோடு காதாகப் பரவி, மறுநாள் லேப் வாசலில் கர்ப்பிணிகள் வரிசை கட்டினார்கள்.

“எவ்வளவு நேரம் தாக்குப்பிடிச்சே?” என்றாள் அக்கா, சட்டப்படி கேட்டாக வேண்டுமே என்று.

“காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவுலக்கா.”

அதையும் எழுதிக்கொண்டாள். மாதக் கடைசிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் தோற்றார்கள். ஒருத்திகூட ஒரு வேளைச் சோற்றை விடவில்லை.

இயக்குநர் கூப்பிட்டனுப்பியபோது வேலை போயிற்று என்றே நினைத்துப் போனாள். அவரோ எழுந்து நின்று கும்பிட்டார்.

“ஒரே மாசத்துல நானூத்திப் பன்னிரண்டு பேர் விரதம் இருந்திருக்காங்க. உங்க கையெழுத்துதான் அத்தாட்சி. திட்டத்தை நாடு முழுக்க நீட்டியாச்சு.”

“எல்லாரும் தோத்துட்டாங்களே சார்.”

“அதனாலதான் புது ஊர்கள்ல தோல்விப் பிரிவையே எடுத்துட்டோம். இங்கே வாங்கிட்டிருக்கிறவங்களுக்கு மட்டும் பிரசவம் வரைக்கும் மாத்திரை உண்டு.”

உண்மையைச் சொன்னால் அத்தனை சான்றிதழும் பொய்யாகும், தங்கச்சி மாத்திரையும் நிற்கும். லேப் அக்கா, “ரொம்ப சந்தோஷம் சார்,” என்றாள்.

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் சொல்லி அழுதாள். தங்கச்சி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“நமக்குக் கிடைக்குதுல்லக்கா, விடு. மத்த ஊர்க்காரங்களும் அவங்கவங்க லேப்ல ஆள் பிடிச்சு வேற வழி தேடிக்க வேண்டியதுதான்.”