அநாதை போனும் மஞ்சள் அலையும்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கே ஊர்க்கூடத்தில் நிற்க இடமில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட தேவாலயத்தில் இத்தனை தலைகளைப் பார்க்க முடியாது. நாங்கள் கடவுளை விட்டு ரொம்ப நாளாகிறது. படித்தவர்கள் அல்லவா. ஸ்வீடனில் யெம்ட்லாந்துக் காட்டுக்குள் குடியிருந்தாலும் வீட்டுக்கு வீடு கலைக்களஞ்சியம் வைத்திருக்கிறோம். அப்பேர்ப்பட்ட நாங்கள்தான் அன்று கையில் சீட்டோடு காத்திருந்தோம். எங்கள் செல்போனுக்கு எந்தக் கம்பெனி ஒத்துவரும் என்று தூரே குச்சி வைத்துப் பார்த்துச் சொல்வார்.

தூரே முன்பு கிணறுகளுக்கு நீரோட்டம் பார்த்தவர். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததும் குச்சிக்கு வேலை போயிற்று. சும்மா இருக்க முடியுமா? அலையோட்டம் பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் மஞ்சள் கம்பெனி அலையும் பச்சைக் கம்பெனி அலையும் சண்டை போடுகின்றனவாம். கவட்டைக் குச்சி எந்தப் பக்கம் குனிகிறதோ அந்தக் கம்பெனி நமக்கு ராசி. பெரும்பாலும் மஞ்சள் பக்கம்தான் குனியும். மஞ்சள் முத்திரை போட்ட போன்கள் அவருடைய வேனிலேயே விற்பனைக்கு இருந்தது தற்செயல்.

வாசலில் வரிசைச் சீட்டு துப்பும் எந்திரம் ஒன்றை வைத்திருந்தார். எங்கள் ஊர் மருந்துக் கடையில் இருக்குமே, அதேதான். அங்கேதான் நாங்கள் விழுந்தோம். நம்பர் கொடுக்கிற இடத்தில் ஏமாற்று நடக்கும் என்று எந்த ஸ்வீடன்காரனுக்குத் தோன்றும்? இதைச் சொல்கிறவனும் முப்பத்தெட்டாம் நம்பரை மடிக்காமல் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேடையில் தூரேவுக்குப் பக்கத்தில் சாட்சியாக நின்றவர் ஹோல்கர். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். அவர் அங்கே நின்றதற்குக் காரணம் பயம். மனைவி மாய்-பிரிட் மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஹோல்கரின் எண்ணுக்கு எந்த நேரமும் அழைப்பு வரலாம். அரை மணிக்குள் எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். ஊரில் கம்பி போனைப் பிடுங்கியாயிற்று, எல்லாம் செல்போன்தான். எந்தக் கம்பெனி, எந்த போன் என்று ஹோல்கர் மூன்று வாரம் கட்டம் போட்டு ஒப்பிட்டார். கட்டம் பெருகியது, தூக்கம் போயிற்று. கடைசியில் தூரேயின் முதல் கூட்டத்துக்குப் போய் ஒரு மஞ்சள் போனும், அதற்கொரு கம்பளிப் பையும் வாங்கிவந்தார்.

தூரே தொண்டையைச் செருமினார்.

"கடைல சும்மா வாங்குற போனு அநாதை போனுங்க. அதுக்குக் கம்பெனி கிடையாது, கோத்திரம் கிடையாது. கோபுரத்துக்கு அதை அடையாளமே தெரியாது. முத்திரை குத்தின போனுன்னா, பசு தன் கன்னை மோந்து பாத்துக் கண்டுபிடிக்கிற மாதிரி. அதை இந்தப் பையில வச்சிட்டா எதிரி அலை அண்டாது. ஹோல்கர், நீங்களே சொல்லுங்க."

"பையில போட்டு எட்டு நாளாச்சு. சார்ஜ்கூட பையோடவேதான். ஒரு தடவகூட லைன் கட் ஆகல" என்றார் ஹோல்கர்.

அது பொய்யில்லை. எட்டு நாளாக ஒரு அழைப்பும் வரவில்லை என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

பன்னிரண்டாம் நம்பர் வந்தது. எழுந்தது மாய்-பிரிட். ஹோல்கருக்கு முகம் மலர்ந்தது. கடைசியில் இவளும் நம்பிவிட்டாள்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசையில் வைத்தாள். முதுகில் பளபளவென்று மஞ்சள் முத்திரை.

"இது எந்த அலைன்னு பாத்துச் சொல்லுங்க."

குச்சி நடுங்கியது, குனிந்தது, மேசையையே தொட்டுவிட்டது.

"மஞ்சள். சுத்தமான மஞ்சள். இவ்வளவு பலமான அலைய நான் இந்த வருஷம் பாக்கல."

கூடம் பெருமூச்சு விட்டது. மாய்-பிரிட் அந்த போனை முன்வரிசையில் இருந்த மரம் வெட்டும் இங்கெமாரிடம் நீட்டினாள்.

"என்ன இது, காத்து மாதிரி இருக்கு" என்றபடி அவன் பின்மூடியை நகத்தால் நெம்பினான். உள்ளே ஒன்றுமில்லை.

"கடைக் கண்ணாடில வைக்கிற பொம்மை. பேரன் விளையாடக் கடைக்காரர் சும்மா குடுத்தாரு" என்றாள் அவள்.

இத்தோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். எங்களை உங்களுக்குத் தெரியாது.

"அதான் முத்திரையோட சக்தி. உள்ள ஒண்ணுமே இல்லாமலே அலைய இழுக்குது பாருங்க" என்றார் தூரே. பாதிப் பேர் தலையாட்டினோம். ஒருவர் குறித்தே வைத்துக்கொண்டார்.

"சரி" என்ற மாய்-பிரிட், இங்கெமாரின் போனை வாங்கிக் கணவரின் எண்ணை அழுத்தி எல்லோரும் கேட்கும்படி பிடித்தாள். 'நீங்கள் அழைத்தவரைத் தற்போது தொடர்புகொள்ள இயலாது.' ஹோல்கரின் மார்புப் பையில் கம்பளிக்குள் கிடந்த போன் மூச்சுவிடவில்லை.

"வெளிய எடு, ஹோல்கர்."

எடுத்தார். சற்று நேரத்தில் போன் கையில் துள்ளியது. தவறிய அழைப்பு, மறுபடி தவறிய அழைப்பு, மூன்றாவது. பிறகு ஒரு செய்தி.

"சத்தமா படி."

"ஆஸ்பத்திரிலேருந்து... 'இது மாதாந்திரச் சோதனை அழைப்பு. வியாழக்கிழமை மூன்று முறை அழைத்தோம். சிறுநீரகம் கிடைத்து அழைத்திருந்தால்...'"

இங்கெமார் அந்தப் பையைப் பேனாக்கத்தியால் கிழித்தான். கம்பளிக்குள் நெருக்கமாகச் செம்பு வலை.

"வாத்தியாரே, இதை எட்டாம் வகுப்புல நீங்கதான காட்டுனீங்க? ரேடியோவ உலோகத் தாள்ல சுத்தினா பாட்டு நின்னுரும்னு. பரீட்சைல நான் எழுதலன்னு முட்டை போட்டீங்களே."

ஹோல்கருக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. முப்பது வருடம் முப்பது ரேடியோவைச் சுற்றிக் காட்டியவர், முப்பத்தோராம் தடவை மனைவியின் உயிரைச் சுற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அவமானத்தைவிட வியாழக்கிழமைதான் பெரிதாக இருந்தது; செய்தியில் இருந்த அந்தக் கிழமையை மறுபடி மறுபடி பார்த்தார்.

தூரே காப்பி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். காப்பி உள்ளேதான் இருந்தது. வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

"இப்ப எந்தக் கம்பெனிதான் எடுக்கிறது?" என்றார் ஹோல்கர், பரிதாபமாக.

"போட்டுப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது. இங்கெமார், உன் பச்சை சிம் கார்ட ஒரு நாளைக்குக் குடு" என்றாள் மாய்-பிரிட்.

மஞ்சள் போன் அந்த சிம்மை ஏற்க மறுத்தது. அதற்குப் பூட்டு போட்டிருந்தார்கள். முத்திரையின் உண்மையான சக்தி அதுதான் போலும். மாய்-பிரிட் கைப்பையிலிருந்து பழைய போனை எடுத்தாள், அவர் எட்டு நாளுக்கு முன் ஒதுக்கிவைத்த அதே அநாதை. மறு பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அன்று பூராவும் சமையலறை, படுக்கையறை, விறகுக் கொட்டகை என்று வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் மஞ்சள் சிம்மை அதிலேயே போட்டுப் பார்த்தார்கள். பச்சைதான் மேல் என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று, குச்சி தேவைப்படவில்லை.

அடுத்த மாதச் சோதனை அழைப்பு வந்தபோது ஹோல்கர் முதல் மணியிலேயே எடுத்தார். "இருக்கோம், இருக்கோம்" என்று அந்தத் தாதியிடம் நாலு தடவை சொன்னார். மாய்-பிரிட் இன்னும் காத்திருக்கிறாள். இப்போது போன் காதில் விழும் இடத்தில் காத்திருக்கிறாள்.

சீட்டு எந்திரம் ஊர்க்கூட வாசலிலேயே கிடக்கிறது. போன சனிக்கிழமை கூடம் பூட்டியிருந்தது. இருந்தும் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு நம்பர் எடுத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் முப்பத்தெட்டு இன்னும் பர்சில் இருக்கிறது. கடவுளை விட்டவனெல்லாம் யோசிக்கத் தொடங்கிவிட்டான் என்று அர்த்தமில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு வரிசையில் நில் என்று அந்தச் சீட்டு எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.