நடுக்கம்பி இரண்டும் பேசவில்லை

பிக்கப் வேலை செய்துவிட்டது. நடந்த தவறு அதுதான்.

பிக்கப் என்றால் சரக்கு வண்டி இல்லை. கிட்டாரின் சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்புகிற சின்னச் சாமான். என் மகனுடைய கிட்டாரில் அதை நான் பொருத்தினேன். வேலை செய்யக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். நாற்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான். ஒன்றை ஓட வைக்கத் தெரிந்தவனுக்கு ஓடாமல் வைக்கவும் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் இல்லை. ஒன்றரை வருஷம் ஆகிறது. காலையில் பைக்கில் வேலைக்குப் போனான். திரும்பவில்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

கிட்டார் அவன் அறையில் அலமாரியை ஒட்டிச் சாய்ந்து நின்றது. தினம் ஒரு தடவை போய் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது எங்கே போகும்? காலா இருக்கிறது? இருந்தாலும் பார்ப்பேன்.

அதைத்தான் என் மனைவி தூக்கிக் கொடுக்க முடிவு செய்தாள்.

"ஏங்க, அந்தக் கிட்டாரை அவகிட்ட குடுத்துடறேன்னு சொல்லிட்டேன்."

"எவகிட்ட?"

"நமக்கு எத்தனை பேர் இருக்காங்க? அவகிட்டதான்."

அவள் என்றால் மகன் கட்டிக்கொள்வதாக இருந்த பெண். பல் ஆஸ்பத்திரியில் வேலை. சாயங்காலங்களில் பாடுவாள். இவன் வாசிப்பான். கல்யாணம் ஆகியிருந்தால் மருமகள். ஆகவில்லை. ஆனாலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிடாதே என்று சொல்ல வாய் வரவில்லை.

"சொல்லிட்டு அப்புறம் வந்து என்னைக் கேக்கறியா?"

"யார் கேட்டா? தகவல் சொல்றேன்."

முப்பத்தி நாலு வருஷமாக எங்கள் வீட்டு ஜனநாயகம் இதுதான்.

"அவ பாடற ஹால் பெரிசாம். கடைசி வரிசைக்குக் கிட்டார் கேக்கலையாம். பிக்கப் வைக்கணுமாம். எடுத்துட்டுப் போய்க் கடையில குடுத்துக்கறேன்னா."

அப்போதுதான் என் மூளையில் கரண்ட் வந்தது. எங்கள் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. ரிப்பேருக்கு வந்த சாமான் ரிப்பேர்க்காரனிடம்தான் இருக்கும். 'அடுத்த வாரம் வாங்க' என்று ஒரு வார்த்தை. அது போதும். என் பட்டறையில் ஒரு தண்ணீர் மோட்டார் ஒன்பது வருஷம் இருந்தது. சொந்தக்காரர் வீட்டையே விற்றுவிட்டுப் போனார். மோட்டார் போகவில்லை.

"கடைக்காரன் கையில குடுக்காதே. கழுத்தை ஒடிச்சுடுவான். நானே வைக்கிறேன்."

மனைவி வீட்டிலேயே தைக்கிறவள். மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். வாயில் நாலு குண்டூசி.

"நீங்களா?"

"ஏன், வயரும் சால்டரும்தானே?"

"செய்யுங்க," என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மூன்று தினுசு எடுத்து வைத்தார்.

"பெரியவரே, இதை நடு ஓட்டையில அப்படியே மாட்டலாம். துளை கிளை ஒண்ணும் வேணாம். அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம்."

"சரி. இது உள்ளே ஒட்டறது. அரை மணி நேரம்."

"வேணாம். கஷ்டமானது எது?"

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் சுலபமானதைத்தான் கேப்பாங்க."

"நான் எல்லாரும் இல்லை."

"அப்ப இதுதான். கம்பி உக்காந்திருக்குல்ல, வெள்ளை எலும்பு, அதுக்கு அடியில இந்தப் பட்டை போகணும். எலும்பைத் தேய்க்கணும். மயிரிழை கூடக் குறைய இருந்தா ஒரு கம்பி கத்தும், ஒரு கம்பி முனகும். பின்பக்கம் துளையைப் பெரிசாக்கணும். தெரியாதவங்க கை வச்சா நாசம்."

"இதுதான் எனக்கு வேணும்," என்றேன்.

ஆனால் அன்று வாங்கவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன். மறுவாரமும் யோசித்தேன். அதற்கடுத்த வாரம் எலும்பின் நீளம் அளந்து வர மறந்தேன். அதற்கும் அடுத்த வாரம் அளவு எழுதிய சீட்டை மறந்தேன். தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு மாதம் ஓடியது. நல்ல மாதம்.

பிறகு வேறு வழியில்லை. பட்டையை வாங்கி வந்தேன்.

அவன் அறையில் பழைய கம்பளியை விரித்து கிட்டாரைப் படுக்க வைத்தேன். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினேன். துரு ஏறியிருந்தது. வயரை உள்ளே இழுக்க நடு ஓட்டைக்குள் கையை விட்டேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கம்பி மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லை. நகம் அளவு. நீல நிறம். வாசிக்கும்போது உள்ளே விழுந்துவிடும். அவன் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கு உலுக்கு என்று உலுக்குவான். இது மட்டும் விழாமலே இருந்திருக்கிறது.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. மறுநாள் சட்டை துவைக்கப் போய்விட்டது. துவைத்து மடித்த சட்டையைப் போட்டேன். பையில் வில்லை இருந்தது. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

பின்பக்கத் துளையைப் பெரிதாக்க இரண்டு நாள் ஆனது. டிரில்லை எடுப்பேன், வைப்பேன். இரும்பில் ஆயிரம் துளை போட்ட கை. மரத்தூள் வெள்ளையாகக் கம்பளியில் விழுந்தது. அதைப் பெருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் என் வித்தை. எலும்பின் அடியை உப்புத்தாளில் தேய்த்தேன். சமமாக அல்ல. நடுவில் ஒரு தாள் கனத்துக்குப் பள்ளம். வெளியே பார்த்தால் எவனுக்கும் தெரியாது. ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டினால் ஓரத்துக் கம்பி நாலும் பாடும். நடுக்கம்பி இரண்டும் எலி மாதிரி முனகும். பிரமாதம்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவள் வந்தாள். அவனுடைய ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டி வாசித்துப் பார்த்தாள்.

"மாமா, நடுவுல ரெண்டு கம்பி பேசலையே."

"அப்படியா? அட. வச்சுட்டுப் போ. பாக்கறேன்."

"அவசரமில்ல மாமா."

டீ குடித்தாள். என் மனைவியோடு பேசினாள். என்னிடம் ஆஸ்பத்திரிக் கதை சொன்னாள். பல்லைப் பிடுங்கும் முன்னே மயங்கி விழுந்த போலீஸ்காரர் கதை. நான் சிரித்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த முதல் ஞாயிறும் வந்தாள்.

"இன்னும் ரெண்டும் பேசல மாமா."

"பிடிவாதக்காரக் கம்பி. வச்சுட்டுப் போ."

மூன்றாவது மாத ஞாயிறும் அதே பேச்சு. அதே டீ. கிட்டார் என்னிடம். அவளும் மாதம் தவறாமல் வருகிறாள். ஒரு பட்டையில் இரண்டு கனெக்‌ஷன். இத்தனை வயதில் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலாவது மாத ஞாயிறு மதியம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். கண் அசந்துவிட்டது.

அடுத்த அறையில் கிட்டார் ஒலித்தது. பெரிய சத்தம். ஆறு கம்பியும் சேர்ந்து. சுவர் அதிர்ந்தது. அரைத் தூக்கத்தில் என் வாய் தானாகக் கத்தியது:

"டேய், சத்தத்தைக் குறைடா!"

சத்தம் நின்றது.

எனக்கு விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தேன். பத்து வருஷம் அவனிடம் நான் அதிகம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். பட்டறை இரைச்சலில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருவேன். வந்ததும் அதைச் சொல்வேன். அவன் உடனே நிறுத்திவிடுவான். ஒருநாள்கூட ஏன் என்று கேட்டதில்லை.

எழுந்து போனேன். அவள் அவன் கட்டிலில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"குறைக்கணுமா மாமா?"

"வேணாம். வாசி."

வாசித்தாள். அவன் வாசித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று. முழுசாக நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நின்றுகொண்டே கேட்டேன்.

முடிந்ததும் சமையலறைக்குப் போனேன். மனைவி டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"யார் தொட்டா அதை?"

"எதை?"

"நடிக்காதே. நடுக்கம்பி எப்படிப் பேசுது?"

"தோள்ல துணி சரியா உக்காரலேன்னா உள்ளே ஒரு பட்டி வச்சுத் தைக்கிறதில்லையா? எலும்பைத் தூக்கினேன். நடுவுல பள்ளம். ரவிக்கைக்கு அளவு வெட்டற காகிதத்துல ஒரு துண்டு நறுக்கி நேத்து வச்சேன். அவ்வளவுதான்."

"எப்ப பாத்தே பள்ளத்தை?"

"நீங்க தேய்ச்ச அன்னைக்கே."



"அன்னைக்கே தெரியும்னா ஏன்டி சும்மா இருந்தே?"

"இருக்கட்டும்னு விட்டேன். உங்களுக்கு நாலு மாசம் வேண்டியிருந்தது. எனக்கும்தான்." வடிகட்டியைத் தட்டினாள். "அவங்க வீட்டுல அவளுக்கு வரன் பாக்கறாங்க. எதைச் சொன்னாலும், கிட்டார் ரெடியாகட்டும், அப்புறம் யோசிக்கிறேன்னு சொல்றாளாம். அவங்கம்மா போன்ல அழறாங்க."

நான் டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தேன்.

"ரிப்பேருக்கு வந்த சாமானை வச்சுக்கிட்டா பரவால்ல. நீங்க அவளையும் சேத்து வச்சுக்கிட்டிருக்கீங்க. அவளுக்கு இருபத்தாறு வயசுங்க."

"இனிமே வரமாட்டா."

"வரமாட்டா," என்றாள் மனைவி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீயின் ஆவி என்று வைத்துக்கொள்ளலாம். "டீயைக் கொண்டு போய்க் குடுங்க. ஆறிடும்."

கொண்டு போய்க் கொடுத்தேன்.

சாயங்காலம் கிட்டாரை உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று, "ஆறு கம்பியும் அழகாப் பேசுது மாமா. கடையில குடுத்திருந்தாக்கூட இப்படி வராது. ரொம்ப தேங்க்ஸ்," என்றாள்.

என் மனைவி முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"பின்னே? நாலு மாசம் மெனக்கெட்டிருக்காரே மனுஷன்," என்றாள்.

நான் 'ம்' என்றேன். வேறென்ன சொல்ல? தெருமுனை வரை உறையின் கழுத்து தெரிந்தது. பிறகு ஒரு வேன் குறுக்கே வந்தது.

அடுத்த முதல் ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. வரன் ஒன்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்று போன் வந்தது. நல்லது. அவன் அறையில் இப்போது தையல் துணிகள் அடுக்கியிருக்கின்றன. நான் தினம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். என்னத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் திரும்பிவிடுகிறேன்.

போனில் அவள் மறுபடி சொன்னாளாம், ஹாலில் எல்லாரும் யார் வேலை இது என்று கேட்கிறார்களாம், எங்க மாமா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அவளைத் திருத்த எனக்குத் தைரியம் இல்லை. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அதைச் சரி செய்தது என் பெண்டாட்டி.