இடிக்கு இரும்பு, அண்ணைக்கு என்ன?

மனிதரில் அதிர்வுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலோ ஒழுங்கையிலோ ஒருவர் கட்டாயம் இருப்பார். இல்லையென்று இப்போதே சொல்லாதீர்கள். கடைசிவரை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் கடற்கரை ஒழுங்கையில் அவர் தங்கத்துரை அண்ணை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நாங்கள் கப்பல் வந்துவிட்டது என்போம். அவர் கேற்றடிக்கு வந்து, நெஞ்சில் கைவைத்து, “பாவம், கடலுக்குள்ள நண்டெல்லாம் நடுங்கும்” என்பார். மீனை வலைக்குள் கலைக்கத் துடுப்பால் தோணியைத் தட்டுகிறவர்களிடம் போய், “மீனுக்கும் மனம் இருக்கு தம்பி, அதிரப்பண்ணாதேங்கோ” என்று நின்று கதைத்து, முடிவில் பாரை இருந்தால் ஒன்று போடச் சொல்லிப் பையை நீட்டுவார். கோயில் மணி சுவாமிக்கு என்றுதான் இவ்வளவு காலமும் நான் கும்பிட்டு வந்தேன். இல்லையாம். அதிர்வுக்காம். சுவாமி சும்மா பக்கத்தில் நிற்கிறாராக்கும்.

எல்லாவற்றிலும் பெரிது தண்ணீர். அசையாத தண்ணி செத்த தண்ணியாம். ஆகவே கொழும்பிலிருந்து ஒரு மெஷின் எடுப்பித்தார். ஏறி நின்றால் வயிற்று வண்டி கரையும் என்று விற்கிறார்களே, அந்த அதிரும் பலகை. அண்ணை ஏறவில்லை, வண்டி அப்படியே இருக்கிறது. தண்ணிப் போத்தல்களை ஏற்றினார். காலையும் மாலையும் டுர்ர்ர் என்று ஒரே இரைச்சல். எங்கே வைத்தார்? தன் படுக்கையறையிலா? அங்கே வைத்தால் அவருக்குத் தலை இடிக்குமே! பக்கத்து வீட்டு மதிலோடு ஒட்டி வைத்தார்.

மதிலுக்கு அந்தப்பக்கம் இராசமலரின் கோழி முட்டைகளின் மேல் அடையில் இருந்தது. மகளுக்கு டெங்கு சுகமானால், வீட்டிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த சேவல் ஒன்றை வெருகல் முருகன் கோயிலுக்கு விடுவதாக அவளுக்கு நேர்த்திக்கடன். மகள் எழும்பிவிட்டாள். ஆனால் மற்றக் கோழிகளைக் கீரி கொண்டுபோக, மிஞ்சியது இது ஒன்றுதான். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று அடைக்குள் இரும்பாணியும் கரித்துண்டும் வைத்துப் பத்திரமாகத்தான் பார்த்தாள். மெஷின் தொடங்கினால் மதில் அதிரும், அடைப்பெட்டி அதிரும், கோழி எழும்பிக் கத்தும்.

“அண்ணை, அதைக் கொஞ்சம் அங்கால தள்ளி வையுங்கோவன்.”

“ஏலாது பிள்ளை, பிளக் இஞ்சதான் இருக்கு. உது நல்ல அதிர்வு. குஞ்சு புத்தியோட பொரிக்கும்.”

அந்தக் கிழமையே கோழி அடையை விட்டு இறங்கிவிட்டது. முட்டை முழுக்கக் கூழ்.

இராசமலர் ஆணியை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போனாள். “இடிக்கு இரும்பு வைச்சனான் அண்ணை. உங்களுக்கு என்னத்தை வைக்கிறதெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லித்தரேல்லை.”

அண்ணை கோபப்படவில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்து, “பாத்தீங்களோ பிள்ளை, உங்கட மனசில கோபம். அந்த அதிர்வுதான் முட்டையைக் கெடுத்தது” என்று சொல்லி, உயிருள்ள தண்ணியில் ஒரு போத்தலும் கொடுத்தனுப்பினார். இராசமலர் அதைக் கோழிக்கு வைத்தாள். கோழி காலால் தட்டிவிட்டது.

முருகன் பொறுமைசாலி, சேவலுக்குக் காத்திருப்பான். மெஷினும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், கதிரையில் உட்கார்ந்து இதை வாசிக்கிற உங்கள் வலது கால் ஏன் அந்தத் துடி துடிக்கிறது? மேசையில் தேத்தண்ணி வளையம் வளையமாக நடுங்குகிறதே, கண்டீர்களா? காலை நிற்பாட்டிவிட்டு, உங்கள் மதிலுக்கு அந்தப்பக்கம் ஏதாவது அடையில் இருக்கிறதா என்று ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.