ஆறு மட்டுமே விழும் மண்டபம்

மணற்கோட்டம் என்றொரு நாடு. அங்கே மழை தவறினாலும் பகடை உருளத் தவறாது; அரசரைத் தேர்ந்தெடுப்பதும் பகடைதான். சூதாட்ட மண்டபங்கள் எல்லாம் கொம்பனுடையவை. வழிப்பறியில் தொடங்கிப் படிப்படியாக முன்னேறிய பெருமகன்!

மண்டபங்களில் திருட்டைத் தடுக்க அரசர் ஒரு வாரியம் அமைத்தார். திருட்டில் அனுபவம் உள்ளவரே தலைவராகலாம் என்றும் ஆணையிட்டார். கொம்பனைவிடத் தகுதியான ஆள் கிடைக்கவில்லை. புகார்களை மண்டபத்திலேயே கொடுக்க வேண்டும் என்பது அடுத்த ஆணை. கொடுக்கப் போனவர்கள் நொண்டிக்கொண்டு திரும்பினார்கள். புகார்கள் குறைந்துவிட்டன என்று அரண்மனை முரசு அறிவித்தது.

வாரியத்தில் பகடை சோதிப்பவள் இளவெயினி. மரப்பகடையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பாள். கொம்பனின் பகடைகள் எப்படிப் புரட்டிவிட்டாலும் ஆறைக் காட்டியே மிதந்தன. உள்ளே ஈயம். முத்திரை குத்த மாட்டேன் என்றுவிட்டாள். மண்டபத்தை அவமதித்ததாக வழக்குப் போட்டார்கள். குற்றம் உறுதியானால் தீவுச் சிறை. வீட்டில் பால்குடி மறக்காத மகள் இருந்தாள்.

"தீர்ப்பைப் பகடையே வழங்கும்!" என்று சபையில் முழங்கினார் அமைச்சர் பெருஞ்சேந்தனார். "ஆறு விழுந்தால் கொம்பனார் உத்தமர், நீ குற்றவாளி. வேறு எண் விழுந்தால் நீ போகலாம். அனைத்தும் ஆட்ட விதிப்படியே நடைபெறும்."

கொம்பன் உருட்டினான். ஆறு.

"கெளம்பு தாயி, தீவுக்கு!" என்று இளித்தான்.

"இருங்கய்யா," என்றாள் இளவெயினி. "ஜெயிச்சவன் தோக்குற வரைக்கும் உருட்டணும். அதுக்கு முன்னால ஆட்டம் முடியாது. உங்க மண்டபத்து விதிதானே?"

ஜெயித்தவர்கள் எழுந்து போய்விடக் கூடாதென்று கொம்பனே கேட்டு வாங்கிய விதி அது. அமைச்சர் தாடியைத் தடவினார். "விதி விதிதான்."

உருட்டினான். ஆறு. மறுபடியும் ஆறு. முதலில் கைதட்டிய கூட்டம், பிறகு சிரிக்க ஆரம்பித்தது. "அண்ணே, கை வலிக்கப் போவுது!" வேர்த்து விறுவிறுத்துப் போய், தோற்பதற்காகச் சாய்த்துக்கூட உருட்டிப் பார்த்தான். அந்தப் பாழாய்ப்போன பகடைக்கு வேறு எண்ணே தெரியவில்லை.

கூட்டத்தில் ஒருத்தி இளவெயினியைக் கேட்டாள்: "ஏம்மா, ராஜாவைத் தேர்ந்தெடுக்க உருட்டுறாங்களே, அந்தப் பகடை எந்த மண்டபத்துது?"

அரசர் சட்டென்று எழுந்தார். "வழக்கு தள்ளுபடி! எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்!"

அப்பாடா! இளவெயினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்புமாக, மகளுக்குப் பசிக்குமே என்று ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டாள்.

மற்றவர்கள் நகரவில்லை. "அந்தப் பகடையையும் இங்க கொண்டாங்க ராஜா," என்றார்கள், ரொம்பப் பணிவாக.